ஆடலும் காதலும்: சிவகாமி, மோகனாம்பாள் கதைகளை முன்வைத்து

ஆடற்கலையை எழுத்தில் வடிப்பது அரிது. பாட்டைச் சொல்லாக எழுதிவிடலாம்; சிற்பத்தை வருணித்துவிடலாம்; ஆடலோ ஆடி முடிந்த கணத்தில் மறைந்துவிடுவது. முத்திரையின் பெயரையும் அடவின் பெயரையும் வரிசைப்படுத்தி எழுதினால் அது பாடநூல் ஆகுமே அன்றிக் கதை ஆகாது. இருந்தும், ஆடல் மீது தீராத காதல் கொண்ட எழுத்தாளர்கள் காதற் கதை எழுதப் புகும்போது அவர்கள் கையில் ஒரு தனித்தன்மை வந்து அமைகிறது. அது எவ்வாறு அமைகிறது, எங்கே அது கதைக்கு வலிமை சேர்க்கிறது, எங்கே உண்மையை மறைக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மக்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்த இரு தொடர்கதைகளைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. மற்றது கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற புனைபெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’.

இவ்விரண்டையும் நோக்குமுன் சேரநாட்டு இளவலின் காப்பியத்தை ஒரு முறை தொட்டுச் செல்லாமல் இருக்க இயலாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலைப் பற்றித் தரும் செய்திகள் வியப்பூட்டுவன. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். 24 விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கு அமைகிறது. தூண்களின் நிழல் ஆடுபவள்மேல் விழாதபடி விளக்கு நிறுத்துகிறார்கள். மூவகை எழினிகள் உண்டு. ஆடலாசானும் இசையாசானும் கவிஞனும் தண்ணுமையோனும் குழலோனும் யாழோனும் தனித்தனியே இலக்கணம் பெறுகிறார்கள். ஆனால் இவ்வளவும் சொன்ன அடிகள், கோவலன் அவையில் அமர்ந்து அந்த ஆடலைக் கண்டு உள்ளம் உருகினான் என்று அங்கே பாடவில்லை. மன்னன் அளித்த 1008 கழஞ்சு பெறும் மாலையைக் கூனி ஒருத்தி தெருவிலே விலைகூறி நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான், மாதவியின் மனை புகுகிறான். ஆடலுக்கும் காதலுக்கும் இடையே ஒரு விலை நிற்கிறது என்பதைத் துறவியாகிய அடிகள் மறைக்கவில்லை.

அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்தில், செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடிய செய்தி வருகிறது. சாக்கியார் கூத்தைக் கோயில் கூத்தம்பலத்தில் கண்டு பழகிய கேரளத்துத் தமிழர்க்கு இவ்வரிகள் ஏட்டுச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

இனிக் கல்கிக்கு வருவோம். ரா. கிருஷ்ணமூர்த்தி நாட்டியம் ஆடியவர் அல்லர், பார்த்தவர். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியவர். கச்சேரிக்குச் சென்று அமர்ந்து, எது நெஞ்சைத் தொட்டது, எது தொடவில்லை என்று அஞ்சாமல் நகைச்சுவையுடன் எழுதுவதே அவருடைய வாராந்தரத் தொழிலாக இருந்தது. அந்த ஆண்டுகள் ஆடற்கலைக்கு நெருக்கடியான ஆண்டுகள். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் புதல்வியரை ஆட அழைத்தது. 1932-இல் சதிராட்டம் இருக்கலாமா கூடாதா என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இ. கிருஷ்ணய்யரும் செய்தித்தாள்களில் வாதிட்டனர். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். பாலசரஸ்வதி இளம் வயதிலேயே ரசிகர்களை ஈர்த்துக்கொண்டிருந்தார். ‘சதிர்’ என்ற பெயர் மங்கிப் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் ஏறிய காலம் அது. இந்த வாதங்கள் எல்லாம் காதில் ஒலிக்க, முன் வரிசையில் அமர்ந்து பார்த்த ஒருவர்தான், 1944 முதல் 1946 வரை தம் ‘கல்கி’ இதழில் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியின் நாட்டியப் பெண் ஒருத்தியைப் படைத்தார்.

மகேந்திர பல்லவரும் மாமல்லரும் புலிகேசியும் பரஞ்சோதியும் வரலாற்று மாந்தர்கள். சிவகாமிக்கும் அவள் தந்தை ஆயனச் சிற்பிக்கும் கல்வெட்டுச் சான்று ஏதும் இல்லை. வாதாபி எரிந்தது வரலாறு. அது ஒரு நாட்டியப் பெண்ணின் சபதத்தால் எரிந்தது என்பது கல்கியின் கற்பனை. ஒரு பேரரசின் படையெடுப்புக்கே ஆடற்பெண்ணைக் காரணமாக்கத் துணிவதென்றால், அந்த எழுத்தாளர் ஆடலுக்கு எத்தகைய இடம் தந்திருக்க வேண்டும்!

கதையின் தொடக்கத்தையே பாருங்கள். சிவகாமியின் அரங்கேற்றம் பல்லவ மன்னரின் அவையில் நடக்கிறது. போர்ச் செய்தி வருகிறது. ஆடல் பாதியில் நின்றுபோகிறது. நான்கு பாகங்கள் கொண்ட அப்பெருங்கதை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியின் விரிவே எனலாம். பாதியில் நின்ற ஆடல் எங்கே, எவர் முன், எத்தகைய மனத்துடன் நிறைவேறப் போகிறது என்பதே வாசகனை இழுத்துச் செல்லும் கேள்வி. ஒற்றர்களும் ஓலைகளும் சுரங்க வழிகளும் இடையிடையே நீண்டுகொண்டே போகின்றன. தொடர்கதைக்கு அவை வேண்டியிருந்தன போலும். இன்று நூலாகப் படிக்கையில் இரண்டாம் பாகத்துப் பக்கங்கள் சிலவற்றை நான் விரைந்து புரட்டிவிடுவதுண்டு.

ஆனால் சிவகாமி ஆடத் தொடங்கியதும் நடை மாறுகிறது. கல்கி அவளுடைய கால்களை அதிகம் வருணிப்பதில்லை. பார்ப்பவர்களின் கண்களை வருணிக்கிறார். இதுவே அவருடைய உத்தி. விமரிசகராக அமர்ந்திருந்த நாற்காலி அவருக்குக் கற்றுத்தந்த உத்தி. ஆயனர் பார்க்கும்போது மகளின் ஒவ்வொரு நிலையும் கல்லில் செதுக்கவேண்டிய வடிவமாகத் தெரிகிறது. அவள் நெஞ்சில் காதல் முளைத்துவிட்டதைத் தந்தையின் சிற்பக்கண் காணத் தவறுகிறது. மகேந்திரர் கலைஞராகவும் பார்க்கிறார், அரசராகவும் பார்க்கிறார். கலைஞர் மெச்சுகையில் அரசர் தம் மகனைக் குறித்து அஞ்சுகிறார். நாகநந்தி அடிகள் பார்ப்பது துறவையே எரித்துவிடும் பார்வை. மாமல்லனுக்கோ அவள் இளமைத் தோழி. ஆடுகிறவள் தன்னையே நோக்கி ஆடுகிறாள் என்று எண்ணும் உரிமை அவன் பார்வையில் இருக்கிறது. ஒரே ஆடல், நான்கு கண்கள், நான்கு வகைப் பற்று. மொழி ஆடலைக் காட்ட இயலாத இடத்தில், ஆடல் மனிதரை என்ன செய்கிறது என்று காட்டிக் கதையை நடத்திவிடுகிறார் கல்கி.

மகேந்திரரைக் கலைஞராக அவர் வார்த்ததற்கு வலுவான ஆதாரம் ஒன்று நம் நகரோடு தொடர்புடையது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மகேந்திரவர்மன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற அங்கத நாடகத்தை மகாமகோபாத்தியாயர் த. கணபதி சாஸ்திரிகள் 1917-இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் பதிப்பித்தார். காஞ்சியிலே பிறந்த நாடகம் மலையாள நாட்டுச் சாக்கியார்களின் கூத்தாக வாழ்ந்து, அனந்தபுரியிலே அச்சேறியது. காஞ்சிக்கும் நமக்கும் இடையே இத்தகைய மறைவான பாதைகள் பல உண்டு.

சிவகாமி–மாமல்லன் காதலின் அமைப்பை உற்று நோக்கினால் மற்றொன்று புலப்படும். காத்திருத்தல், தூது விடுத்தல், ஓலையைப் படித்து ஏங்குதல், சந்தேகித்தல், ஊடுதல், மீண்டும் காத்திருத்தல். இந்த வரிசையை நாம் வேறெங்கோ பலமுறை கண்டிருக்கிறோம் அல்லவா? நாட்டியக் கச்சேரியின் நடுநாயகமாக விளங்கும் பதவர்ணத்தில் நாயகி செய்வது இதுவே. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாள் மகாராஜாவின் (1813–1846) அவைக்கு வந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். அவருக்கு மகாராஜா யானைத் தந்தத்தால் ஆன வயலின் அளித்தார். அவ்வவையில் மலர்ந்த பதவர்ணங்களும் பதங்களும் பத்மநாபனை நாயகனாக வைத்து, வராத தலைவனுக்காக உருகும் பெண்ணின் குரலில் பேசுவன. நட்டுவனார் மரபின் வழியே இந்நாயகி தஞ்சையிலும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஒருங்கே வாழ்ந்தாள். கல்கி எண்ணற்ற மாலைகளில் மேடையிலே கண்டவள் இவளே. அவளுக்கு ஓர் ஊரையும் தந்தையையும் போர்க்காலத்தையும் கொடுத்துக் கதையில் உலவவிட்டார் என்பது என் கருத்து. நாட்டியம் காதற் கதைக்கு ஊக்கம் தந்தது என்பதை அழகியலுணர்ச்சி என்ற அளவில் நிறுத்திவிடக் கூடாது. காதலை எந்தப் படிகளில் வளர்ப்பது என்ற கட்டமைப்பையே நாட்டியம் அவருக்குக் கொடுத்தது.

ஆனால் வர்ணத்து நாயகி காத்திருப்பாளே அன்றிச் சபதம் செய்யமாட்டாள். இங்கேதான் கல்கி மரபை மீறுகிறார். வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி தெருச் சந்திகளில் ஆடவேண்டும்; ஆட மறுத்தால் காஞ்சியிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் சவுக்கடி படுவார்கள். அவள் ஆடுகிறாள். தமிழ்ப் புனைகதையில் ஆடலைப் பற்றி எழுதப்பட்ட பகுதிகளில் இதற்கு ஈடாக மற்றொன்றை நான் படித்ததில்லை. அதுவரை பார்ப்பவர்களின் கண்களில் வாழ்ந்த ஆடல், இந்த இடத்தில் முதன்முறையாக ஆடுகிறவளின் உடல்வலியாகவும் மானக்கேடாகவும் மாறுகிறது. அதே கால்கள், அதே முத்திரைகள், காண்பவன் பகைவன். கலை என்பது எவர் முன் எந்த நிலையில் நிகழ்ந்தாலும் கலையே என்று சொல்லுவோர் இப்பகுதியைப் படித்த பின்னர்ச் சொல்லட்டும். மாறுவேடத்தில் மீட்க வந்த மாமல்லனோடு அவள் செல்ல மறுப்பதும், வாதாபி எரிந்த பின்னரே வருவேன் என்பதும் வெறும் பிடிவாதம் என்று குறை கூறியோர் உண்டு. தெருவில் ஆடவைக்கப்பட்டவள் திருட்டுத்தனமாக வெளியேற மறுப்பதில் வியப்பென்ன?

முடிவுக்கு வரும்போதுதான் நான் கல்கியோடு உடன்பட முடியாமல் நிற்கிறேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து வாதாபி எரிகிறது, சிவகாமி திரும்புகிறாள், மாமல்லன் பாண்டிய இளவரசியை மணந்து மக்களும் பெற்றிருக்கிறான். அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துத் திருமாங்கல்யம் அணிந்து, நாவுக்கரசரின் திருவாரூர்த் திருத்தாண்டகத்திற்குச் சந்நிதியில் ஆடுகிறாள். தொடக்கத்தில் பாதியில் நின்ற ஆடல் இங்கே நிறைவுறுகிறது. கலைக்கட்டமைப்பு என்ற வகையில் குறைசொல்ல இடமில்லை. படிப்போர் கண் கலங்காமல் இருப்பதும் அரிது.

ஆயினும் ஆண்டுக் கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும். இம்முடிவு அச்சேறியது 1946-இல். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-இல். திருவிதாங்கூரில், சேது லட்சுமிபாயி மகாராணி ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்திலேயே, 1930-இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. சுசீந்திரம் கோயிலைப் பற்றி டாக்டர் கே.கே. பிள்ளை 1953-இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தவர்கள், அக்கோயில் பணிக்கு விடப்பட்ட பெண்களின் வாழ்வு வெறும் பக்திப் பரவசம் அன்று என்பதை அறிவார்கள். அப்பெண்களின் சமூகச் சூழலிலிருந்தே எழுந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இலேயே ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதியிருந்தார். அந்நூலில் நிலவொளி இல்லை, தாமரைத் தடாகம் இல்லை. கடன் கணக்கும் சூழ்ச்சியும் பெண்களின் கண்ணீரும் உண்டு. கலைநயத்தில் அது கல்கியின் அருகே நிற்காது. எனினும், கடவுளை மணந்தவள் என்ற சொல்லின் பின்னால் நாள்தோறும் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் நேர்மையில் அதற்கு இணை இல்லை.

மன்னன் மணக்க முடியாத பெண்ணைத் தெய்வத்திற்கு மணம் செய்துவைத்ததன் மூலம் கல்கி ஒரு கடினமான கேள்வியைக் கோபுர வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்றுவிட்டார். ஆடற்பெண் ஏன் மனைவியாக இயலாது? அரச குலத்துக் கட்டுப்பாடு, அரசியல் தேவை என்று கதைக்குள் விடை உண்டு. ஆடலை உயிராய் நேசித்த ஆசிரியருக்கு அவ்விடை போதுமானதாக இருந்தது ஏன் என்பதுதான் என்னை உறுத்துவது. ஆடல் புனிதமாக வேண்டும் என்ற வேட்கை அக்காலத்து ரசிகர்கள் அனைவரையும் பற்றியிருந்தது. சிவகாமியைப் புனிதப்படுத்தும் ஆவலில் அவளுடைய வாழ்வை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

கோபுர வாசலில் நின்ற அக்கேள்வியை ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் கையில் எடுத்தவர் கொத்தமங்கலம் சுப்பு. ஜெமினி ஸ்டூடியோவில் நடிகராக, பாடலாசிரியராக, இயக்குநராகப் பல வேலைகள் பார்த்தவர். நாட்டுப்புற மெட்டில் ‘காந்தி மகான் கதை’ பாடியவர். 1950-களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் கோபுலுவின் சித்திரங்களுடன் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தது. திருவாரூர் மோகனாங்கியும் சிக்கல் சண்முகசுந்தரமும் காவிரிக்கரையிலே உண்மையாக வாழ்ந்தவர்கள் என்று நம்பிய வாசகர்கள் உண்டு. அவ்வளவு நெருக்கமாக அம்மண்ணின் பேச்சும் பகட்டும் பொறாமையும் அதில் பதிந்துள்ளன.

சுப்புவுக்கு மன்னன் தேவைப்படவில்லை. மைனரும் மகாராஜாவும் கதையில் வருகிறார்கள். ஆனால் விலைபேச வருகிறவர்களாகவே வருகிறார்கள். கூனி நின்ற தெருவில் இப்போது சவடால் வைத்தி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். தாய் வடிவாம்பாள் செல்வர் ஆதரவை நாடுகிறாள். அவளைக் கொடியவளாகச் சித்திரிக்காமல், வேறு வழி அறியாதவளாகக் காட்டியது சுப்புவின் பெருந்தன்மை. மோகனா விரும்புவதோ தன்னைப் போலவே கலையால் வாழும் ஒரு நாகசுரக்காரனை. மேளமும் சதிரும் ஒரே சூழலில் வளர்ந்த இரு கிளைகள். அவன் செருக்கு மிக்கவன். இவளும் சளைத்தவள் அல்லள். அவன் வாசிக்க அவள் தில்லானா ஆடவேண்டும் என்ற போட்டியில் காதல் பழுக்கிறது. வர்ணத்தைப் போலத் தில்லானாவில் பொருள் செறிந்த சாகித்தியம் பெரிதாக இல்லை. தாளச் சொற்களே மிகுதி. ஏங்குவதற்கும் தூது விடுவதற்கும் அங்கே இடமில்லை. ஈடுகொடுக்க வேண்டும், அவ்வளவே. கல்கியின் காதல் வர்ணம் என்றால் சுப்புவின் காதல் தில்லானா. முன்னதின் ஆழம் பின்னதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுப்புவின் கதையில் தற்செயல்கள் மலிந்துள்ளன. நகைச்சுவை சில இடங்களில் அளவு கடக்கிறது. எனினும் இரு கலைஞர்கள் ஒருவரை ஒருவர் தொழிலில் மதித்து, சண்டையிட்டு, மணந்து வாழலாம் என்று சொல்லத் துணிந்த காதற் கதை அது. ஆடற்பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டித் தந்த கதை என்றே அதைக் கருதுகிறேன்.

அக்கதை 1968-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. மோகனாவாக ஆடியவர் நம் பூஜப்புரையில் 1932-இல் பிறந்த பத்மினி. லலிதா, பத்மினி, ராகினி என்ற திருவிதாங்கூர்ச் சகோதரியரின் பெயரைச் சொன்னால் இந்நகரில் வாழும் மூத்த தமிழ்க் குடும்பங்களில் இன்றும் முகங்கள் மலரும். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் திருவாரூர்ப் பெண்ணாக வாழ்ந்து காட்டியதை மொழி கடந்த வெற்றி என்று மேடைகளில் பாராட்டுவது வழக்கம். வடிவேலு தஞ்சையிலிருந்து இங்கு வந்ததை நினைத்தால், போன கலை திரும்பிச் சென்றது என்றும் சொல்லலாம்.

அப்படத்தில் ஒரு காட்சி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. தன் குழுவினர் எவரும் சதிரைப் பார்க்கக் கூடாது என்று தடுத்த சண்முகசுந்தரம், தானே ஒளிந்து நின்று பார்க்கிறான். மேடையில் ஆடுகின்ற மோகனா அதை உணர்ந்துவிடுகிறாள். அவையோர் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, மறைந்து நிற்கும் அவன் ஒருவனுக்கே பொருள்படும்படி அபிநயம் பிடிக்கிறாள். கோவலன் கண்ணை இளங்கோ நமக்குக் காட்டவில்லை. கல்கி பார்ப்போர் கண்களையெல்லாம் காட்டினார். இங்கே ஆடுகிறவள் பார்க்கிறாள். தூணுக்குப் பின்னால் நிற்பவன்தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.